மேற்குத் தொடர்ச்சி மலையின் எதிர்காலத்தை எதை வைத்துக் கணிக்கிறார்கள்?

கேள்வி (மலைவாசல்):
2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலையை, ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) தன் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் ‘கணிசமான கவலைக்குரியது’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. வரையாடும் சிங்கவால் குரங்கும் இன்றும் வாழ்கிற காட்டுக்கு இப்படியொரு மதிப்பீடு எப்படி வந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி (சோலைக்காடு):
ஐயா, அவர்கள் இன்றைய இருப்பை மட்டும் கணக்கெடுப்பதில்லை. எந்தச் சிறப்புக்காக அந்த இடம் பட்டியலில் சேர்ந்ததோ அது இப்போது எந்நிலையில் இருக்கிறது, அதற்கு என்னென்ன அச்சுறுத்தல்கள் உள்ளன, அவற்றைத் தடுக்கும் நிர்வாகம் எவ்வளவு திறமையானது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ‘நன்று’ என்பதிலிருந்து ‘மிக மோசம்’ வரையிலான நான்கு நிலைகளுள் ஒன்றைத் தருகிறார்கள்.

நீலகிரியிலுள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். வரையாடு மேயும் புல்வெளிக்குள் சீகை மரம் (‘வாட்டில்’ எனப்படும் அயல்நாட்டு மரம்) பரவியிருக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடந்து, தீப்பட்டால் கூட்டமாக முளைக்கும் இயல்புடையது. ஆகவே மரத்தை வெட்டியாயிற்று என்ற செய்தி போதாது. முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க ஆளும் நிதியும் தொடர்ந்து கிடைக்குமா என்பதே அங்கே கேட்கவேண்டிய கேள்வி. வரையாடு இன்று கண்ணில் படுவது இதற்கு விடையாகாது.

மறுமொழி (பெரியாறு):
இந்த அறிக்கையை ‘ஆபத்திலுள்ள களங்கள்’ பட்டியலோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலை முடிவுசெய்வது 21 நாடுகள் அடங்கிய உலகப் பாரம்பரியக் குழு. இதுவோ வல்லுநர்களின் கணிப்பு. அசாமின் மானஸ் வனவிலங்குச் சரணாலயம் 1992இல் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, நிலைமை தேறிய பின் 2011இல் நீக்கப்பட்டது. எனவே மோசமான மதிப்பீடு மாற்ற முடியாத தீர்ப்பன்று.

எனக்கு உள்ள குறை வேறு. நான்கு மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் 39 பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே நிலையைச் சூட்டும்போது, நன்றாகப் பேணப்படும் காடும் சாலையாலும் தோட்டங்களாலும் துண்டாடப்பட்ட காடும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

மறுமொழி (மலைவாசல்):
இருவருக்கும் நன்றி. அப்படியானால் அறிக்கையின் மேலே உள்ள ஒற்றை வரி மதிப்பீட்டோடு நிறுத்தாமல், அச்சுறுத்தல்களையும் நிர்வாகத்தையும் பற்றிய பகுதிகளைத் தனித்தனியே படிக்கிறேன்.