உதவி: கட்டுரை முழுக்க ஒருமை பன்மை சரியில்லை என்கிறார்கள், நாளை கடைசி நாள்

வயல்_சென்சார் (இரவு 9:14)
வணக்கம். மாநாட்டுக்கு அனுப்பிய ஆங்கிலக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு மதிப்பீட்டாளர் "ஒருமை பன்மை கட்டுரை முழுக்கச் சரியில்லை, திருத்தி அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறார். எந்த இடம் என்று ஒரு வரிகூடக் குறிக்கவில்லை. திருத்தும் செயலியில் போட்டுப் பார்த்தேன், பெரிதாக எதுவும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்து எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. 'டேட்டா'வுக்கு 'இஸ்' வருமா 'ஆர்' வருமா என்று மட்டும் உறுதியாகச் சொன்னால் போதும். நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். அவசரம்.

கூடல்வாசி (9:21)
ஒருமைதான். 'தி டேட்டா இஸ்'. பிரிட்டனின் கார்டியன் நாளிதழின் நடைக் கையேடே டேட்டாவுக்கு ஒருமை வினைதான் போடச் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

பழைய_பேனா (9:26)
'டேட்டம்' ஒருமை, 'டேட்டா' பன்மை. லத்தீன் வழி வந்த சொல். எங்கள் காலத்தில் இது எட்டாம் வகுப்புப் பாடம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர் இதைக் கேட்கிறார் என்றால்... சரி, விடுங்கள்.

கூடல்வாசி (9:29)
'அஜெண்டா'வும்தான் லத்தீனில் பன்மை. 'தி அஜெண்டா ஆர் ரெடி' என்று எழுதுவீர்களா ஐயா?

பழைய_பேனா (9:31)
அஜெண்டா ஆங்கிலத்தில் கரைந்துவிட்ட சொல். அது வேறு, இது வேறு.

கூடல்வாசி (9:32)
டேட்டாவும் கரைந்து நாளாயிற்று. உங்களுக்குத்தான் தகவல் வரவில்லை.

மீனா_திருத்துநர் (9:38)
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். வயல்_சென்சார், எந்தத் துறை? மாநாடு எந்த டெம்ப்ளேட் (கட்டுரைக்கான மாதிரிக் கோப்பு) கொடுத்திருக்கிறது? இது தெரியாமல் டேட்டாவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பயனில்லை.

அக்கரைச்சீமை (9:41)
பிரிட்டிஷ் ஆங்கிலமா அமெரிக்க ஆங்கிலமா என்பதையும் சொல்லுங்கள். 'டீம்', 'கமிட்டி' மாதிரிச் சொற்களுக்கு லண்டன்காரர்கள் 'ஆர்' போட்டாலும் தப்பில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் 'இஸ்'தான். உங்கள் பிரச்சினை இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

வயல்_சென்சார் (9:55)
ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE, மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு) டெம்ப்ளேட். வயலில் மண் ஈரப்பதம் அளக்கும் சென்சார் பற்றியது. கட்டுரையில் டீமும் இல்லை, கமிட்டியும் இல்லை.

மீனா_திருத்துநர் (10:03)
அப்படியானால் டேட்டா சண்டைக்கு இடமே இல்லை. ஐ-ட்ரிபிள்-ஈயின் மாநாட்டு டெம்ப்ளேட்டுக்குள்ளேயே பொதுவான பிழைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் முதலில் நிற்பதே 'டேட்டா என்பது பன்மை, ஒருமை அல்ல' என்ற வரிதான். எல்லோரும் அந்தப் பகுதியைப் படிக்காமல் அழித்துவிட்டு மேலே தங்கள் கட்டுரையை ஒட்டிவிடுகிறார்கள். உளவியல், கல்வியியல் பக்கம் புழங்கும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேட்டின் 7-ஆம் பதிப்பும் பன்மைதான் என்கிறது. நாளிதழுக்கு அனுப்பினால் கூடல்வாசி சொல்வது சரி. உங்களுக்கு அது பொருந்தாது.

ஆனால் ஒன்று. டேட்டாவுக்காக மட்டும் யாரும் 'கட்டுரை முழுக்க' என்று எழுத மாட்டார்கள். வேறு ஏதோ இருக்கிறது. சில வாக்கியங்களை அப்படியே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.

நோட்டரி_நந்தன் (10:10)
எங்கள் தொழிலில் இந்தத் தலைவலியே கிடையாது. இந்தியச் சட்டங்களின் சொற்களுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று சொல்லும் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 1897, பிரிவு 13: ஒருமைச் சொல் பன்மையையும் பன்மைச் சொல் ஒருமையையும் உள்ளடக்கும். ஒப்பந்தப் பத்திரங்களிலும் இதே வரியை ஒரு ஓரத்தில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்போம். அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தைப் பாருங்கள், 1865-இல் வந்தது. அதில் யுனைடெட் ஸ்டேட்ஸைச் சுட்ட 'தேர்' (their) என்று பன்மைதான் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு யாராவது 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆர்' என்று எழுதினால் சிரிப்பார்கள்.

வயல்_சென்சார் (10:19)
இந்தாருங்கள், முறைகள் பகுதியிலிருந்து ('நோட்' என்பது node, வயலில் வைத்த சென்சார் கருவி):

தி டேட்டா வாஸ் கலெக்டட் ஃபார் எ த்ரீ மன்த்ஸ் பீரியட்.
தி மாய்ஸ்ச்சர் லெவல் ஆஃப் தி ஃபீல்ட்ஸ் வேர் ரெக்கார்டட் டெய்லி.
ஆல் எக்விப்மென்ட்ஸ் வேர் பவர்ட் பை எ 12-வோல்ட்ஸ் பேட்டரி.
ஈச் ஆஃப் தி நோட்ஸ் ஹாவ் டூ சென்சார்ஸ்.
ஒன் ஆஃப் தி நோட் ஃபெயில்ட்.
50 கேஜிஎஸ் ஆஃப் யூரியா வேர் அப்ளைட்.
மெனி லிட்டரேச்சர்ஸ் ஹாவ் ரிப்போர்ட்டட் திஸ் ஃபினாமினா.

கூடல்வாசி (10:21)
ஆ. மதிப்பீட்டாளர் பாவம்.

ஊர்க்குருவி (10:24)
இதற்குக் காரணம் நம் தாய்மொழி. 'பத்து மாடு வந்தது', 'ரெண்டு புத்தகம் வாங்கினேன்' என்றுதானே பேசுகிறோம்? முன்னால் எண் வந்துவிட்டால் 'கள்' தேவைப்படாது. அதே பழக்கம் ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது.

அக்கரைச்சீமை (10:30)
'ஒன் ஆஃப் தி நோட்' என்பதில் எஸ் விட்டுப்போனதற்கு வேண்டுமானால் இது காரணமாகலாம். 'எக்விப்மென்ட்ஸ்' எங்கிருந்து வந்தது? அதில் எஸ் கூடுதலாக அல்லவா இருக்கிறது? அது நம் கடைத்தெருப் பலகைகளிலிருந்து வந்தது. 'ஃபர்னிச்சர்ஸ்', 'ஸ்டேஷனரீஸ்' இல்லாத தெரு ஒன்றைக் காட்டுங்கள்.

மீனா_திருத்துநர் (10:47)
முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாக்கியம். அங்கே எழுவாய் 'லெவல்', 'ஃபீல்ட்ஸ்' இல்லை. வினைக்குப் பக்கத்தில் ஒரு பன்மைச் சொல் நிற்பதால் கை தானாக 'வேர்' போட்டுவிடுகிறது. ஒரே அளவைச் சொல்கிறீர்கள் என்றால் 'லெவல் வாஸ்'. ஒவ்வொரு வயலுக்கும் தனி அளவு எடுத்திருந்தால் 'லெவல்ஸ் வேர்'. உங்கள் ஆய்வில் இரண்டாவதுதான் நடந்திருக்கும், அதனால் 'லெவல்ஸ் வேர்' என்று வையுங்கள். என்னிடம் வரும் கட்டுரைகளில் அதிகம் கண்ணில் படுவது இந்தப் பிழைதான். செயலியும் இதைப் பல நேரம் தவறவிடும், வாக்கியம் நீளமானால் இன்னும் மோசம். 'ஆஃப்'புக்குப் பின்னால் வருவதை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

'ஈச் ஆஃப் தி நோட்ஸ்' என்றால் 'ஹாஸ்', ஏனென்றால் எழுவாய் 'ஈச்'. 'ஒன் ஆஃப் தி' வந்தால் அடுத்த பெயர்ச்சொல் கட்டாயம் பன்மை, 'ஒன் ஆஃப் தி நோட்ஸ் ஃபெயில்ட்'. 'எக்விப்மென்ட்' எண்ண முடியாத சொல். 'ஆல் எக்விப்மென்ட் வாஸ்' என்று ஒருமையில் போடுங்கள். எண்ணிக்கை சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'த்ரீ பீசஸ் ஆஃப் எக்விப்மென்ட்'. 'சாஃப்ட்வேர்', 'இன்ஃபர்மேஷன்', 'எவிடன்ஸ்', 'ரிசர்ச்' எல்லாம் இதே கதைதான். 'லிட்டரேச்சர்ஸ்' அறவே வேண்டாம், 'மெனி ஸ்டடீஸ்' என்று எழுதுங்கள். 'ஃபினாமினா' பன்மை. 'திஸ்' வந்தால் 'ஃபினாமினன்'. 'கிரைட்டீரியா' எங்காவது இருந்தால் அதையும் பாருங்கள், அதன் ஒருமை 'கிரைட்டீரியன்'.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும் அளவுக்கு எஸ் வராது. '12-வோல்ட் பேட்டரி', 'த்ரீ-மன்த் பீரியட்'. அலகின் குறியீட்டுக்கும் பன்மை இல்லை, 1 கேஜி, 50 கேஜி. யூரியாவை மொத்தமாக ஓர் அளவாகச் சொல்வதால் 'வாஸ் அப்ளைட்'.

பழைய_பேனா (10:56)
ஒன்று விட்டுப்போயிற்று. 'ஒன் ஆஃப் தி நோட்ஸ் தட்' என்று நீட்டினால் 'தட்'டுக்குப் பின் பன்மை வினை வரும், ஏனென்றால் அது 'நோட்ஸ்'ஐச் சுட்டுகிறது. அதேபோல் 'எ நம்பர் ஆஃப் சென்சார்ஸ் வேர்', 'தி நம்பர் ஆஃப் சென்சார்ஸ் வாஸ்'. இதையெல்லாம் இப்போது யார் சொல்லித் தருகிறார்கள்?

மீனா_திருத்துநர் (10:58)
இதைச் சரியாகவே சொன்னீர்கள் ஐயா.

தேன்மொழி_க (11:02)
கட்டுரை ஏற்கப்பட்டதற்கு யாருமே ஒன்றும் சொல்லவில்லையே. வாழ்த்துக்கள்!

பழைய_பேனா (11:04)
வாழ்த்துகள். 'க்' வராது. 'கள்' இங்கே பன்மை விகுதி, தனிச்சொல் இல்லை. நீங்கள் எழுதியது குடிக்கிற கள்.

ஊர்க்குருவி (11:09)
வாழ்த்து வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யைத் தொடர்ந்து கடைசியில் வரும் குறுகிய 'உ'. அதற்குப் பின் வல்லினம் மிகும். 'எழுத்துக்கள்' என்று எத்தனையோ பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பழைய_பேனா (11:12)
புணர்ச்சி விதியை விகுதிக்குப் போடாதீர்கள். பெரியவர்கள் எழுதிவிட்டால் பிழை பிழையில்லாமல் போய்விடுமா?

ஊர்க்குருவி (11:15)
அப்படியானால் 'பூக்கள்', 'பசுக்கள்' எப்படி வந்தன? அங்கேயும் விகுதிதானே?

நோட்டரி_நந்தன் (11:17)
இதற்கும் பிரிவு 13 போதும்.

மீனா_திருத்துநர் (11:20)
நேரமாகிறது, அந்தப் பிள்ளைக்கு வேலை இருக்கிறது. வயல்_சென்சார், கடைசியாக ஒன்று. டேட்டாவைப் பன்மையாக்கினால் 'வாஸ்'ஐ மாற்றினால் மட்டும் போதாது. 'திஸ் டேட்டா', 'மச் டேட்டா' என்று இருப்பதையும் தேடி 'தீஸ்', 'மெனி' ஆக்க வேண்டும். காதுக்கு ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தில் 'டேட்டா செட்' போட்டுக்கொள்ளுங்கள், அது ஒருமை. படங்களுக்குக் கீழே உள்ள வரிகளையும் அட்டவணைத் தலைப்புகளையும் பார்க்க மறக்காதீர்கள்.

வயல்_சென்சார் (மறுநாள், மாலை 5:48)
அனுப்பியாச்சு. நன்றி மீனா அக்கா. சூப்பர்வைசர் கடைசி நேரத்தில் 'டேட்டா வேர்' எல்லாவற்றையும் மறுபடி 'வாஸ்' ஆக்கச் சொன்னார். டெம்ப்ளேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

கூடல்வாசி (6:02)
உங்கள் சூப்பர்வைசர் நம் கட்சி. அவரை இங்கே வரச் சொல்லுங்கள்.