நியூவார்க் துறைமுகத்தில் மழை, ஆலன்டவுன் சாலையில் கண்ணாடிப் பனி: இதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பின்னலாடைக்காரன் (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்து வருகிறேன். எங்கள் சரக்கு அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து 78ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் ஆலன்டவுன் பகுதிக் கிடங்குகளுக்கு லாரியில் செல்கிறது. கிடங்கில் சரக்கு இறக்கும் நாளும் நேரமும் முன்பே குறித்துவிடுவார்கள். தவறினால் நமக்கு வர வேண்டிய தொகையில் பிடித்தம் செய்வார்கள்.

கடந்த குளிர்காலத்தில் ஒரு கடலோரப் புயலின்போது, முதல் நாள் வரை பனிப்பொழிவு என்றே முன்னறிவிப்பு இருந்தது. ஓட்டுநர் பனியில் ஓட்டிப் பழகியவர் என்பதால் நான் தேதியை மாற்றவில்லை. இரவில் அது 'ஸ்லீட்' என்று மாறி, விடியற்காலையில் 'ஃப்ரீசிங் ரெய்ன்' என்று ஆனது. லாரி பாதி வழியில் நின்றுவிட்டது. அதே நேரத்தில் துறைமுகத்தில் 3 டிகிரி வெப்பத்தில் சாதாரண மழைதான் பெய்துகொண்டிருந்தது. ஸ்லீட் என்பது நம் ஊரில் கோடை மழையில் விழும் ஆலங்கட்டிதானா? முதல் நாள் வரை ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை? இங்கிருந்தே எதைப் பார்த்து நான் முடிவெடுக்கலாம்? தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

நொய்யல் மழைமானி (கோவை)

வணக்கம் ஐயா. வேளாண் காலநிலையியல் படித்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், அது ஆலங்கட்டி அன்று. ஆலங்கட்டி இடிமேகத்துக்குள் காற்றால் மேலே தூக்கப்பட்டு, அங்கேயே பருத்து விழுவது. ஸ்லீட் என்பது மேலே பனிச்செதிலாகப் பிறந்து, வழியில் உருகி, தரைக்கு வருமுன் மறுபடியும் உறைந்த சிறு மணி. அரிசிக் குருணை போல் இருப்பதால் பனிக்குருணை என்று சொல்லலாம். உறைமழை, அதாவது ஃப்ரீசிங் ரெய்ன், காற்றில் உறையவே உறையாது. அது நீர்த்துளியாகவே வந்து, பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும் சாலையையும் மரக்கிளையையும் மின்கம்பியையும் தொட்டவுடன் கண்ணாடியாகப் படிகிறது. குருணையின் மேல் டயருக்கு ஓரளவு பிடிமானம் கிடைக்கும். கண்ணாடிப் பனியில் அதுவும் கிடைக்காது.

எது விழும் என்பதைத் தரை வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஜனவரி காலையில் ஊட்டிக்குச் சென்றவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: தலைகுந்தாவின் பள்ளத்தில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்திருக்கும்போது, சற்று மேலே சரிவில் அவ்வளவு குளிர் இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழே தங்கிவிடுகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் குளிர்காலப் புயல்களில் இதே அடுக்கு பல நூறு கிலோமீட்டர் பரப்பில் அமைகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டிய குளிர்க்காற்றின் மேலேறி நுழைகிறது. அங்குள்ள வானிலையாளர்கள் அதை 'வெப்ப மூக்கு' என்கிறார்கள், ஏனெனில் உயரவாரியான வெப்பநிலை வரைபடத்தில் அது மூக்கு நீட்டியது போலத் தெரியும்.

அந்த வெப்ப அடுக்கின் உச்ச வெப்பநிலை 1 டிகிரிக்கும் குறைவாக இருந்தால் பனிச்செதில் பெரும்பாலும் செதிலாகவே பிழைத்து வரும். 1 முதல் 3 டிகிரி வரை என்றால் பாதி உருகி, உள்ளே ஒரு பனித்துணுக்கு மிஞ்சும். அந்தத் துணுக்கே வித்தாக இருந்து, கீழேயுள்ள குளிர் அடுக்கில் துளி முழுவதையும் மீண்டும் உறையவைக்கும். இதுவே குருணை. 3 டிகிரியைத் தாண்டினால் முழுவதும் உருகிவிடும். வித்தில்லாத துளி பூச்சியத்துக்குக் கீழே போனாலும் எளிதில் உறைவதில்லை. கீழ் அடுக்கு மெல்லியதாக இருந்தால் நீராகவே தரையைத் தொடும். இவை தோராய அளவுகளே. கீழ் அடுக்கு சுமார் 750 மீட்டருக்கு மேல் தடித்து, நன்றாகவும் குளிர்ந்திருந்தால் குருணைக்கு வாய்ப்பு அதிகம்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு டிகிரி பிசகினாலே பனி குருணையாகவும் குருணை உறைமழையாகவும் மாறிவிடும். அந்த உயரத்தை நேரடியாக அளக்கும் பலூன்களோ வழக்கமாக நாளுக்கு இரண்டு முறைதான் விடப்படுகின்றன. ஆலன்டவுனைச் சுற்றிப் பார்த்தால் லாங் தீவின் அப்டன், வாஷிங்டன் அருகேயுள்ள ஸ்டெர்லிங், வடக்கே ஆல்பனி போன்ற சில இடங்களில்தான் அந்த வசதி இருக்கிறது. இடைப்பட்ட பகுதியைக் கணினி மாதிரிகளும், ஏறி இறங்கும் விமானங்கள் அனுப்பும் அளவீடுகளும் கொண்டே நிரப்ப வேண்டியிருக்கிறது.

கோபி மண் (தற்போது ஆலன்டவுன்)

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து, பல ஆண்டுகளாக இதே சாலையில் வேலைக்குப் போய் வருகிறேன். மேலே அண்ணன் எழுதியதோடு மலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால்தான் ஆடிக்காற்று பொள்ளாச்சி வழியாக உள்ளே பாய்கிறது. இங்கே அப்பலாச்சிய மலைத்தொடர் குளிர்க்காற்றுக்கு ஏரிக்கரை போல நிற்கிறது. வடக்கே கியூபெக் பக்கம் உயரழுத்தம் அமர்ந்திருந்தால், வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட குளிர்க்காற்று மலையின் கிழக்குச் சரிவில் மோதி, தாண்ட முடியாமல் தேங்கிவிடும். கடலோரத்திலோ காற்று நேரே கடலிலிருந்து வரும். இரண்டுக்கும் நடுவில் சில பத்துக் கிலோமீட்டருக்குள் பல டிகிரி வேறுபாடு உண்டாகும். துறைமுகத்தில் மழையும் இங்கே கண்ணாடிப் பனியும் ஒரே நேரத்தில் இருந்ததற்கு இதுவே காரணம்.

புயலின் வகையையும் கவனியுங்கள். மில்லர் என்ற ஆய்வாளர் 1946இல் இக்கரையின் புயல்களை இரண்டாகப் பிரித்தார். முதல் வகை தெற்கிலிருந்து கரையோரமாகவே ஏறி வரும். இரண்டாம் வகையில், மலைக்கு மேற்கே ஒஹாயோ பள்ளத்தாக்கை நோக்கி வரும் தாழ்வழுத்தம் வலுவிழக்க, கரையோரத்தில் புதிதாக ஒன்று உருவாகும். இந்த இரண்டாம் வகைதான் எங்களுக்குப் பெரும் தொல்லை. பழைய தாழ்வழுத்தம் மேலே வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கீழே குளிர் நகராது. மேலே வெப்பம் மாதிரிகள் சொன்னதைவிட முன்னதாக வந்து சேர்வதும், கீழே குளிர் சொன்னதைவிடத் தாமதமாக விலகுவதும் இங்கே திரும்பத் திரும்ப நடப்பவை.

2007 பிப்ரவரி 14 அன்று வந்த புயலில் நீங்கள் சொல்லும் இதே 78ஆம் எண் நெடுஞ்சாலையில், பென்சில்வேனியாவில் எண்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வாகனங்கள் சிக்கி, மக்கள் இரவு முழுவதும் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். அந்தப் புயலிலும் பனியோடு பெருமளவு குருணை விழுந்தது. பத்து மில்லிமீட்டர் நீர் பனியாக விழுந்தால் பத்து சென்டிமீட்டர் உயரம் வரும். குருணையாக விழுந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வரும். ஆனால் அது சிமெண்ட் போல இறுகிக்கொள்ளும், பனி அகற்றும் வண்டியின் கலப்பையில் எளிதாகப் பெயராது. எனவே "பனி குறைவாகத்தான் பெய்யும்" என்ற அறிவிப்பை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னலாடைக்காரன் (திருப்பூர்)

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். புயலுக்கு முந்தைய மாலை ஆலன்டவுனிலும் 3 டிகிரி இருந்ததைக் கைபேசியில் பார்த்த பிறகே நான் துணிந்தேன். பூச்சியத்துக்கு மேலே இருந்தது எவ்வாறு கீழே இறங்கியது?

நொய்யல் மழைமானி (கோவை)

அன்று பனிநிலை வெப்பம், அதாவது 'டியூ பாயின்ட்' (காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை; காற்று வறண்டிருந்தால் இது குறைவாக இருக்கும்), எவ்வளவு என்று பார்த்திருந்தால் புரிந்திருக்கும் ஐயா. நம் ஊரில் மார்ச் மாதத்தில் ஏர் கூலர் நன்றாகக் குளிர்விக்கும், சென்னையில் குளிர்விக்காது. காற்று வறண்டிருந்தால் நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கும் அதேதான். வெப்பநிலை 3 டிகிரி, பனிநிலை வெப்பம் கழித்தல் 8 டிகிரி என்றால், மழையோ பனியோ தொடங்கியவுடன் ஆவியாதலால் காற்று பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே வரை இறங்கிவிடும். இந்த ஈரக்குமிழ் வெப்பநிலையைத்தான் வானிலையாளர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. அதனால் உறைமழை தன்னைத்தானே மெல்ல நிறுத்திக்கொள்ளப் பார்க்கும். வடக்கிலிருந்து வறண்ட குளிர்க்காற்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மட்டுமே அது பல மணி நேரம் நீடிக்கும். 2008 டிசம்பர் 11, 12 தேதிகளில் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷைர் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களில் குளிர் அவ்வாறு விலகாமல் நின்றதில் மரங்களும் கம்பிகளும் முறிந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது.

கோபி மண் (தற்போது ஆலன்டவுன்)

நடைமுறைக்கு இதைச் செய்யுங்கள். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையில் ஆலன்டவுன் பகுதிக்கு மவுன்ட் ஹாலி அலுவலகமும், நியூவார்க் பகுதிக்கு அப்டன் அலுவலகமும் பொறுப்பு. இரண்டும் படத்தோடும் எண்ணோடும் நிற்காமல், முன்னறிவிப்பாளர் தமது எண்ணத்தையும் ஐயத்தையும் உரைநடையில் எழுதும் ஒரு விளக்கக் குறிப்பை இணையத்தில் வெளியிடுகின்றன. வெப்ப மூக்கு என்ற சொல் அதில் வந்தாலே எனக்குக் கைபேசிப் படத்தின் மேல் நம்பிக்கை குறைந்துவிடும். காலைப் பலூனின் நேரம் உங்களுக்கு மாலை 5:30 மணி. அதற்குப் பிந்தைய குறிப்பைப் படித்த பிறகு லாரியை உறுதி செய்யுங்கள்.

புயல் தொடங்கிய பின்னர் ரேடாரின் இரட்டை முனைவாக்கப் படம் (கிடையாகவும் செங்குத்தாகவும் அலைகளை அனுப்பி, விழுவதன் வடிவத்தை அறிவது) உதவும். உருகும் அடுக்கில் பனியும் நீரும் கலந்திருப்பதால் ஒப்புமை அளவு, அதாவது விழுபவை ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று காட்டும் எண், சட்டெனக் குறைந்து, ரேடாரைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். அந்த வளையம் தெற்கிலிருந்து நகர்ந்து வருவதை வைத்து, பனி எப்போது குருணையாக மாறும் என்பதைச் சில மணி நேரம் முன்பே கணிக்கலாம். தானியங்கி நிலையங்கள் குருணையைத் தாமாக அறிந்து சொல்வதில்லை என்பதால், 'எம்பிங்' செயலியில் பொதுமக்கள் அனுப்பும் தகவல்களையும் பாருங்கள். நானும் வாசலில் நின்று பார்த்து அனுப்புவது உண்டு. பாலங்கள் சாலைக்கு முன்பே உறைந்துவிடும், ஏனெனில் அவற்றுக்கு அடியில் மண்ணின் வெப்பம் இல்லை. கடலோரப் புயல் என்று சொல்லி, வடக்கே உயரழுத்தம் அமர்ந்திருக்கும் நாளில், கிடங்குக்காரரிடம் ஒரு நாள் முன்னதாகவே இறக்க நேரம் கேளுங்கள்.