ராத்திரி 126, காலையில் 151. நடுவில் ஒன்றும் சாப்பிடவில்லை, இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

வாய்க்கால்வரப்பு:

எல்லோருக்கும் வணக்கம். வயது 52, சுகர் என்று தெரிந்து ஒன்பது மாதம் ஆகிறது, மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் போடுகிறேன். இரவு ஏழரைக்கு இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் கூட்டு, அதோடு சரி. பத்தரைக்குப் படுக்கும் முன் விரலைக் குத்திப் பார்த்தால் 126. காலை ஆறு மணிக்குப் பல்கூடத் துலக்காமல் பார்த்தால் 151. ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம், மூன்று வாரமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டே நாள் தவிர எல்லா நாளும் காலையில்தான் அதிகம். நான் ராத்திரி எழுந்து பிரிட்ஜைத் திறக்கிறேன் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள், போன வாரம் டப்பாவில் இருந்த அதிரசம் எண்ணி வைக்கப்பட்டது.

தேடியபோது "ஈரலே சர்க்கரையை உண்டாக்கும், இதை 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார்" என்று ஒரு வரி கிடைத்தது. யார் அவர்? மீட்டரும் ஸ்கேனும் இல்லாத காலத்தில் உடம்புக்குள் நடப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? வைத்தியம் கேட்கவில்லை, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கத்தான் போகிறேன். இந்த ஆராய்ச்சிக் கதை தெரிந்தவர்கள் சொன்னால் போதும்.

நாலுமுழவேட்டி:

மீட்டரை நம்பாதீர்கள் அண்ணா. வீட்டு மீட்டர் 15 சதவீதம் முன்னேபின்னே காட்டலாம் என்று விதியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். 126 என்றால் 107ஆகவும் இருக்கலாம், 145ஆகவும் இருக்கலாம். ராத்திரி ரெண்டு பாதாம் சாப்பிட்டுப் படுங்கள், சரியாகிவிடும்.

ஆய்வகத்தூசி:

மீட்டர் பற்றி வேட்டி சொன்னது சரி, ஆனால் தவறு என்றால் இரண்டு பக்கமும்தான் வரும். மூன்று வாரம் ஒரே பக்கமாக ஏறுகிறது என்றால் அது மீட்டரின் வேலை இல்லை. (பாதாம் விஷயத்துக்குள் நான் போகவில்லை.)

நீங்கள் கேட்ட பிரெஞ்சுக்காரர் கிளாட் பெர்னார். 1813இல் திராட்சை விவசாயி வீட்டில் பிறந்தவர், பாரிஸில் கொலேஜ் து பிரான்ஸ் என்ற நிறுவனத்தில் வெளிச்சமே இல்லாத நிலவறை மாதிரி ஓர் அறையில் வேலை பார்த்தவர். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன், வருஷா வருஷம் இந்தக் கதையைச் சொல்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

அப்போது எல்லோரும் நம்பியது என்னவென்றால், சர்க்கரை செய்யத் தெரிந்தது செடிகளுக்கு மட்டும்தான், விலங்குகள் அதைத் தின்று எரிக்க மட்டுமே செய்யும் என்பது. உடம்பில் எந்த இடத்தில் எரிகிறது என்று பார்க்கத்தான் பெர்னார் இறங்கினார். இறைச்சி மட்டுமே போட்ட நாயின் குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் இரத்தத்தைப் பார்த்தார், சர்க்கரை இல்லை. ஈரலிலிருந்து வெளியே வரும் இரத்தத்தைப் பார்த்தார், நிறைய இருந்தது. எரியும் இடத்தைத் தேடிப் போனவருக்கு உண்டாகும் இடம் கிடைத்தது. இது 1848. அளந்தது எப்படி என்றால், நீலமான தாமிரக் கரைசலில் விட்டுச் சூடாக்கினால் சர்க்கரை இருக்கும்போது செங்கல் நிறத்தில் படியும். பிளஸ் டூவில் பெனடிக்ட் சோதனை செய்திருப்பீர்களே, அதே தத்துவம். ஈஸ்ட் போட்டு நுரைக்கிறதா என்றும் பார்ப்பார்.

ஆனால் அசல் சங்கதி 1855இல் வந்தது. பெர்னார் எதையும் இரண்டு தடவை அளக்கிற ஆள். ஒரு நாள் நேரம் போதாமல் ஒரே ஈரலில் முதல் அளவை அன்றைக்கும் இரண்டாவது அளவை மறுநாளும் செய்யும்படி ஆகிவிட்டது. மறுநாள் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் "நேற்று எங்கேயோ தப்பு" என்று தூக்கி எறிந்திருப்பார்கள். இவர், செத்த விலங்கின் ஈரலில் ராத்திரியோடு ராத்திரியாகச் சர்க்கரை எப்படிக் கூடும் என்று உட்கார்ந்துவிட்டார். கிட்டத்தட்ட உங்கள் கேள்விதான் சார், உங்களிடம் நோட்டு இருக்கிறது, அவரிடம் ஈரல் இருந்தது.

அடுத்து ஒரு புது ஈரலை எடுத்து, இரத்தக்குழாயில் குழாய் சொருகிக் குளிர்ந்த தண்ணீரை 40 நிமிடம் விட்டுக் கழுவினார். வெளியே வரும் தண்ணீரிலும் ஈரலிலும் சர்க்கரை துளிகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு அப்படியே வைத்துவிட்டார். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி சர்க்கரை! அப்படியானால் கழுவினாலும் போகாத ஏதோ ஒரு சரக்கு ஈரலுக்குள் இருப்பில் இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுகிறது. 1857இல் அந்தச் சரக்கையும் தனியே பிரித்தெடுத்தார், மாவு மாதிரி வெள்ளையாக இருக்கும். அதுதான் கிளைக்கோஜன்.

உடனே எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். பெர்னாரிடமே படித்த லண்டன் டாக்டர் பேவி, இது செத்த பிறகு நடக்கிற கூத்து, உயிரோடு இருக்கும்போது ஈரல் சர்க்கரையை வெளியே விடுவதில்லை என்று பல பத்தாண்டுகள் வாதாடிக்கொண்டிருந்தார். அது அறிவில்லாத எதிர்ப்பும் இல்லை, இரத்தம் எடுக்க வலிக்க வைத்தால் அந்த வலியே ஈரலிலிருந்து சர்க்கரையைக் கிளப்பிவிடும்.

வாய்க்கால்வரப்பு:

அருமை சார், இரண்டு தடவை படித்தேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. ராத்திரி பட்டினி கிடந்தால் ஈரல் கொடுக்க வேண்டியதுதான், நியாயம். ஆனால் என் இரத்தத்தில் ஏற்கெனவே 126 இருக்கிறதே, பானை நிறைந்திருக்கும்போது எதற்கு மேலே மேலே ஊற்றுகிறது? அப்புறம் கிளைக்கோஜன் தொடைத் தசையிலும் இருக்கிறது என்கிறார்களே, அது எங்கே போகிறது?

மழைக்காலவாசி:

நான் பதில் சொல்கிறேன், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் உடம்பின் மொத்த இரத்தத்திலும் ஓடுகிற குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். மூளை ஒன்றே ஒரு நாளைக்கு 120 கிராம் கேட்கும். ராத்திரி ஈரல் ஊற்றாவிட்டால் விடியும்வரை தாங்காது. வெறும் வயிற்றில் ஈரல் விடுவது நிமிடத்துக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு, ஏறக்குறைய 2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 7 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. எட்டு மணி நேரம் தூங்கினால் 57, 58 கிராம். வீட்டில் சொல்லுங்கள், பத்துப் பன்னிரண்டு ஸ்பூன் சர்க்கரை ராத்திரியோடு உங்கள் இரத்தத்துக்குள் போவது உண்மைதான், அது அதிரச டப்பாவிலிருந்து போகவில்லை.

பானை கேள்விக்கு வருகிறேன். குழாயை மூடுகிற கை இன்சுலின், திறக்கிற கை குளுக்ககான், இரண்டும் கணையத்திலிருந்து வருபவை. நல்ல உடம்பில் சர்க்கரை கொஞ்சம் ஏறினாலே இன்சுலின் போய் ஈரலை "போதும்" என்று நிறுத்தும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் ஈரலுக்கு அந்தச் சொல் சரியாகக் காதில் விழுவதில்லை. பானை நிறைந்தது தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

விடிகாலையில் இன்னொன்றும் சேர்கிறது. தூக்கத்தில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் வரும், விடியும் நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், இரண்டும் இன்சுலினுக்கு எதிர்க்கட்சி. பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் உள்ள இந்த உறவைக் காட்டியவர் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசாய். கணையம் எடுத்த நாய்க்குச் சர்க்கரை நோய் கடுமையாக வரும், அதோடு பிட்யூட்டரியையும் எடுத்துவிட்டால் நோய் தணிந்துவிடும் என்று கண்டார். 1943இல் அங்கே இருந்த ராணுவ அரசு அவரைப் பல்கலைக்கழக வேலையிலிருந்தே நீக்கியது, 1947இல் நோபல் வந்தது.

டாக்டரிடம் போகும் முன் ஓரிரு நாள் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஒரு தடவை பாருங்கள். மூன்று மணிக்கு ரொம்பக் குறைந்து பிறகு ஏறினால் கதை வேறு. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு அப்படிக் குறைவது அபூர்வம், ஆனாலும் அந்த எண் கையில் இருந்தால் டாக்டருக்கு உதவும். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஆய்வகத்தூசி:

தொடைத் தசைக் கேள்வியை மழைக்காலவாசி அம்மா எனக்கு விட்டுவிட்டார், நன்றி, இது எனக்குப் பிடித்த இடம்.

ஈரலில் கிளைக்கோஜன் ஏறக்குறைய 100 கிராம், தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 400 கிராம். ஆனால் தசையின் சரக்கு தசைக்கு மட்டும்தான். குளுக்கோஸை வெளியே விட ஒரு நொதி வேண்டும், ஈரலில் அது உண்டு, தசையில் இல்லை. வேகமாக வேலை செய்கிற தசை தன் கிளைக்கோஜனை உடைத்து லாக்டேட் என்ற பொருளாக்கி இரத்தத்தில் விடும், ஈரல் அதை வாங்கி மறுபடி குளுக்கோஸாக்கித் திருப்பி அனுப்பும். இந்தச் சுற்றை 1929இல் சொன்னவர்கள் கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும். இருவரும் பிராகில் 1896இல் பிறந்தவர்கள், ஒன்றாக மருத்துவம் படித்துக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவுக்குப் போனவர்கள். ஒரு பல்கலைக்கழகம் கார்லுக்கு வேலை தருகிறேன், ஆனால் மனைவியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யக் கூடாது என்றது. புருஷனோடு வேலை பார்ப்பது அமெரிக்கப் பழக்கம் இல்லை என்று அந்த அம்மாவைத் தனியே கூப்பிட்டே சொன்னார்களாம். 1931இல் செயின்ட் லூயிஸ் போனபோது கார்லுக்குத் துறைத் தலைவர் பதவி, கெர்ட்டிக்கு அற்பச் சம்பளத்தில் உதவியாளர் வேலை. பேராசிரியர் பதவி 1947இல்தான் கிடைத்தது, அதே வருஷம் நோபலும். ஊசாய் பாதிப் பரிசு, இவர்கள் இருவரும் மீதிப் பாதி. மருத்துவ நோபல் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

நாலுமுழவேட்டி:

எல்லாம் சரி, எத்தனை நாயைக் கொன்றார் அந்த பெர்னார்? இதையும் சொல்லுங்கள்.

ஆய்வகத்தூசி:

நிறைய. மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத நாளிலிருந்தே செய்தவர், இதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. ஆராய்ச்சிக்குக் காசு வந்ததே மனைவி கொண்டுவந்த சீரில்தான், அந்த மனைவிக்கே இந்த வேலை அறவே பிடிக்காது, கடைசியில் பிரிந்து போய் மகள்களோடு சேர்ந்து இதற்கு எதிரான பக்கத்தில் நின்றார். இத்தனைக்கும் சர்க்கரை நோயில் கணையத்தின் பங்கை பெர்னார் தவறவிட்டார். கணைய நீர் கொழுப்பைச் செரிக்கிறது என்று காட்டியவரே அவர்தான், ஆனால் கணையத்தை முழுதாக வெட்டியெடுத்து நோயை வரவழைத்தது அவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து, 1889இல், மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இரண்டு டாக்டர்கள்.

வாய்க்கால்வரப்பு சார், நீங்கள் போடும் மெட்ஃபார்மின்கூட முக்கியமாக ஈரல் குழாயைத்தான் இறுக்குகிறது. 1957இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியவர் ஜான் ஸ்டெர்ன், அவரும் பாரிஸில் வேலை பார்த்தவர்தான். குளுக்கோஃபேஜ், அதாவது குளுக்கோஸ் தின்னி என்று பெயர் வைத்தார். உண்மையில் அது எதையும் தின்பதில்லை, பெயர் நிலைத்துவிட்டது.

வாய்க்கால்வரப்பு:

தகவல் சொல்ல வந்தேன். நேற்றும் முந்தாநாளும் அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்தேன். முதல் நாள் 129, இரண்டாம் நாள் 133. ஆறு மணிக்கு 148, 152. ராத்திரி எங்கும் குறையவில்லை, விடியும்போதுதான் ஏறுகிறது, அம்மா சொன்ன மாதிரியே. நோட்டில் மூன்று மணிக்கு ஒரு கட்டம் புதிதாகப் போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு கஷ்டம். ஸ்ட்ரிப் டப்பா சமையலறை அலமாரியில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் நாள் இருட்டில் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது லைட் எரிந்தது. மூன்று மணிக்கு அங்கே நின்றுகொண்டு கிளாட் பெர்னார் என்று ஆரம்பித்தேன். கேட்கவில்லை, டப்பாவைத் திறந்து அதிரசத்தை எண்ணினார்கள். ஒன்பது. சரியாக இருந்தது.