விற்கப்போகிற வீட்டை ஜோடிப்பது: லாபமா, வெட்டிச் செலவா?

சாவிக்கொத்து:
அம்மாவின் வீட்டை விற்கிறோம். அம்மா இப்போது என்னோடு இருக்கிறார், தம்பி வேறு ஊரில். வீடு காலி. ஹாலில் ஒரு பழைய அலமாரி, படுக்கையறைத் தரையில் கட்டில் கால்கள் பதிந்த நான்கு தடங்கள், அவ்வளவுதான் மிச்சம். ஏஜென்ட் ஒரு சுற்று பார்த்துவிட்டு, இப்படியே போட்டோ போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள் என்கிறார். சோபா, கட்டில், திரைச்சீலை, விளக்கு எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்து ஜோடித்துவிடலாமாம், இதற்கு ஸ்டேஜிங் என்று பெயராம். செய்து தர ஆள் வைத்திருக்கிறார். செலவு எங்களுடையது.

தம்பி உடனே சரி என்றுவிட்டான். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாங்க வருகிறவர் சோபாவையா வாங்கப்போகிறார்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2015இல் லேன், சீலர், சீலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதையே சோதித்திருக்கிறார்கள். ஒரே வீடு, ஆறு வேடம். சுவர் சில வேடங்களில் வெளிர் நிறம், மற்றவற்றில் கண்ணைக் குத்தும் ஊதா. உள்ளே நல்ல சாமான், அசிங்கமான சாமான், அல்லது ஒன்றுமே இல்லை. 800க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேடத்தை மட்டும் திரையில் சுற்றிக் காட்டினார்கள். சுவரும் சாமானும் நன்றாக இருந்தபோது, குடியிருக்க ஏற்ற வீடு என்று மக்கள் மனம்விட்டுப் பாராட்டினார்கள். சரி, எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டதும் வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஊதாச் சுவர்க்காரர்கள் சொன்ன விலையும் வெளிர் சுவர்க்காரர்கள் சொன்ன விலையும் பொருட்படுத்தும் அளவுக்கு விலகவில்லை.

பாராட்டை வைத்து வீட்டுக் கடனை அடைக்க முடியாது.

மூங்கில்நிழல்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை சொன்ன ஆய்வு எனக்கும் தெரியும். அதில் பங்கெடுத்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டைப் பார்த்தே தீர வேண்டும், வேறு வழியில்லை. நிஜத்தில் அப்படியா? இரவு படுத்துக்கொண்டு போனில் வீடு தேடுகிறவர் எத்தனை படங்களை விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்? நின்று பார்த்தால்தானே விலை பேச்சு. உங்கள் ஆய்வு வாசலுக்கு உள்ளே தொடங்குகிறது. என் வேலை வாசலுக்கு வெளியே.

காலி அறை பெரிதாகத் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போட்டோவில் பாருங்கள், நேர் எதிர். அளவுக்கு ஒப்பிட ஒன்றும் இல்லாததால் கட்டில் கொள்ளுமா கொள்ளாதா என்றே பிடிபடாது. போன வருடம் ஒரு வீடு, ஹால் ஒரு பக்கம் மடங்கிப் போகும். வந்தவர்கள் எல்லோரும் அந்த மடிப்பில் போய் நின்று, "இந்த இடத்தில் என்ன செய்வது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அங்கே ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி, மேலே தொங்குகிற ஒற்றை விளக்கு வைத்தேன். அடுத்த வாரம் வந்த பெண்மணி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பையை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

ஓதச்சுவர்:
நான் ஜோடித்த வீட்டை வாங்கி மாட்டிக்கொண்டவன். அந்தப் பெயரே அதனால்தான்.

பார்க்கப் போனபோது எல்லா விளக்கும் எரிந்தது. வாசனை மெழுகுவர்த்தி வேறு. படுக்கையறையில் உயரமான ஓர் அலமாரி, ஜன்னலின் ஓரத்தை நாலு விரல் மறைத்து நின்றது. இதை ஏன் இங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. மெத்தைமேல் அழகாக மடித்து வைத்த போர்வையைப் பார்த்துக்கொண்டு அதை விட்டுவிட்டேன். சாவி கைக்கு வந்த நாளில் அலமாரி போயிருந்தது. அது இருந்த இடத்தில் சுவர் ஓதம் ஏறிப் பொரிந்து, தொட்டால் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

இன்னொன்று. எங்கள் கட்டிலைப் போட்டதும் அந்த அறைக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. அவர்கள் போட்டிருந்தது சின்னக் கட்டில் என்பது அப்போதுதான் புரிந்தது. சாவிக்கொத்து அக்கா, நீங்கள் நேர்மையாக விற்பவராகத்தான் தெரிகிறீர்கள். ஆனால் ஜோடித்த வீட்டைப் பார்த்தாலே இப்போது நான் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுகிறேன். என்னைப் போல எத்தனை பேரோ.

மூங்கில்நிழல்:
ஓதச்சுவர், அது ஜோடனை இல்லை, மோசடி. தெரிந்த குறையைத் திட்டமிட்டு மறைத்து விற்றால் பல நாடுகளில் வழக்கே போடலாம். ஓதத்துக்கு முன்னால் அலமாரி வைக்கச் சொன்ன ஒருவரின் வேலையை நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

கட்டில் விஷயத்தில் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆமாம், சின்ன அறையில் சின்னக் கட்டில் போடுவோம். தலைமாட்டுப் பலகை இல்லாததாகப் பார்த்து எடுப்போம். கண்ணாடி மேசை, கால் தெரிகிற சோபா, ஜன்னலுக்கு எதிரே நிலைக்கண்ணாடி, எல்லாம் அறையைப் பெரிதாகக் காட்டத்தான். அளவு நாடாவை யாரும் தடுக்கவில்லையே.

கணக்குப்பிள்ளை:
ஒப்புக்கொண்டதற்கு நன்றி. "அளவு நாடாவைத் தடுக்கவில்லை" என்பதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

மூன்றாம்மாடி:
நான் வீட்டுத் தரகு பார்ப்பவன். திட்டுவதற்கு ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் விலையையே பேசுகிறீர்கள், விற்க எத்தனை நாளாகும் என்பதைப் பேசவில்லை. காலி வீடு சும்மா நிற்பதில்லை. வட்டி, வரி, பராமரிப்பு, காப்பீடு மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கும். நாளானால் இன்னொன்றும் நடக்கும். இரண்டு மாதம் கழித்து வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் இன்னும் போகவில்லை?" அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் அவர் மனதுக்குள் விலையைக் குறைத்தாகிவிட்டது.

அமெரிக்கத் தரகர் சங்கம் 2023இல் எடுத்த கணக்கெடுப்பில், வாங்குவோருக்காக வேலை செய்யும் ஏஜென்ட்களில் 81 சதவீதம் பேர், ஜோடித்த வீட்டைத் தன் வீடாகக் கற்பனை செய்வது வாங்குபவருக்கு எளிதாகிறது என்றார்கள். நாள் முழுக்க வீடு காட்டுகிறவர்கள் சொல்வது இது.

கணக்குப்பிள்ளை:
சொல்வதுதான். கிரயப் பத்திரத்தில் எழுதிய தொகையை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, ஏஜென்ட்களின் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதுவும் "கற்பனை செய்வது எளிது". அதிக விலை கொடுத்தார் என்று அதில் எங்கே இருக்கிறது?

வேறொரு கணக்கு இருக்கிறது, இது உண்மையில் விற்ற விலையை வைத்தே போட்டது. லெவிட், சிவர்சன் இருவரும் 2008இல் வெளியிட்டது. கிட்டத்தட்ட 1,00,000 வீட்டு விற்பனைகளைப் பார்த்தார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர்களின் வீட்டைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் விட்டுவைக்கிறார்கள், விலையும் 3.7 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள். சொந்த வீடென்றால் பொறுமை, ஊரார் வீடென்றால் அவசரம். விலையில் கொஞ்சம் குறைந்தால் விற்பவருக்குப் பெரிய அடி, தரகில் குறைவதோ துளி. ஆகவே, "சீக்கிரம் போகும், ஜோடியுங்கள், செலவு உங்களுடையது" என்று தரகர் சொன்னால் நான் இரண்டு முறை யோசிப்பேன். ஜோடிக்கிற ஆளும் அவருடைய ஆள் என்றால் மூன்று முறை.

மூன்றாம்மாடி:
அந்தக் கடைசி வரி எனக்கும் உடன்பாடுதான். விலைப்புள்ளி மூன்று இடத்தில் வாங்குங்கள் அக்கா. ஏஜென்ட் கோபித்துக்கொண்டால் ஏஜென்டை மாற்றுங்கள்.

ஆனால் கணக்குப்பிள்ளை, உங்கள் 9.5 நாளில் அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள் என்றுதான் இருக்கிறது. அழுக்குச் சுவரோடு காத்திருந்தார்கள் என்று இல்லை.

வெள்ளெலி:
கம்ப்யூட்டரில் சோபா வரைந்து போடுகிறார்களே, அது மலிவாயிற்றே? நான் அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். படத்தில் சாம்பல் நிறச் சோபா, செடி, ஓவியம். உள்ளே போனால் வெறும் தரை, பேசினால் எதிரொலி. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வாசல் எண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து படத்தை உற்றுப் பார்த்தால் சோபாவின் கால் தரையில் படவே இல்லை, மிதக்கிறது.

மூங்கில்நிழல்:
வரைந்த படம் என்று கீழே எழுதிவிட்டு, பக்கத்திலேயே காலி அறைப் படத்தையும் போட்டால் தப்பில்லை. சொல்லாமல் போட்டால் வெள்ளெலிக்கு நேர்ந்த ஏமாற்றம்தான், அதன்பின் அவர் எதையும் நம்ப மாட்டார்.

சாவிக்கொத்து:
இதையெல்லாம் படித்தபிறகு என் கேள்வி மாறிவிட்டது. வாடகைச் சாமானை விடுங்கள். குறைந்த செலவில் எதைச் செய்யாமல் விட்டால் நிச்சயம் நஷ்டம்?

மூங்கில்நிழல்:
என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை.

ஒழுகுகிற குழாய், கிறீச்சிடும் கதவு, ஆடும் சுவிட்சுப் பலகை. இவை சின்ன வேலைகள், ஆனால் பார்க்க வருகிறவர் இதையே சரிசெய்யாதவர் உள்ளே எதையெல்லாம் விட்டிருப்பாரோ என்று கணக்குப் போடுவார். ஜன்னல் கண்ணாடியை இரு பக்கமும் துடையுங்கள், வெளிச்சம் கூடும். பல்புகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஓர் அறையில் மஞ்சள், பக்கத்து அறையில் நீல வெள்ளை என்றிருந்தால் போட்டோவில் இரண்டு வெவ்வேறு வீடு மாதிரி இருக்கும். சுவருக்கு வெளிர் நிறம். ஓதமோ கசிவோ இருந்தால் முதலில் காரணத்தைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள், மேலே பெயின்ட் மட்டும் பூச வேண்டாம்.

அப்புறம் வாசனை. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரு நெடி உண்டு. பழகிய மூக்குக்கு அது தெரியாது, அதனால் நீங்கள் பார்த்துப் பயனில்லை. அந்த வீட்டுக்குள் வராத ஒருவரை அழைத்து வந்து, கதவைத் திறந்ததும் முகத்தைப் பாருங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், ஓதச்சுவர் ஓடிவிடுவார்.

சாமான் வைத்தே ஆக வேண்டும் என்றால் முழு வீட்டுக்கும் வேண்டாம். ஹால், ஒரு படுக்கையறை போதும். முழு இரண்டு மாதத்துக்கும் கையெழுத்துப் போடாமல் மாதம் மாதமாகப் பேசுங்கள். பத்து நாளில் விற்றுவிட்டால் மீதி வாடகை யாருக்கு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கணக்குப்பிள்ளை:
கடைசிப் பத்தி தவிர எல்லாவற்றுக்கும் கைதட்டுகிறேன். ஆனால் இதற்குப் பெயர் பழுதுபார்ப்பு, துப்புரவு. ஸ்டேஜிங் என்று பெயர் வைத்தால் பில்தான் பெரிதாகும்.

மூங்கில்நிழல்:
பெயர் வைத்தது நாங்கள் இல்லை. 1970களில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க ஏஜென்ட் வைத்தது, மேடைக்குத் தயார்செய்வது என்ற பொருளில். மேடையைப் பெருக்காமல் எந்த நாடகமும் தொடங்காது ஐயா. பெருக்குவதும் அதில் சேர்த்திதான்.

சாவிக்கொத்து:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சாமான் எடுக்கவில்லை. பெயின்ட், குழாய், பல்பு, ஜன்னல் மட்டும் செய்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வாசனை பார்க்கச் சொன்னேன், சமையலறைத் தொட்டிக்குக் கீழே கைகாட்டினார். அங்கே ஒரு குழாய் மூட்டு கசிந்துகொண்டிருந்தது, எங்கள் யாருக்கும் தெரியாது. தம்பிக்கு இன்னும் வருத்தம்தான். போட்டோ பார்த்து வந்தவர்கள் நினைத்ததைவிடக் குறைவு என்கிறான். அதை நான் மறுக்கவில்லை.

போன ஞாயிறு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். படுக்கையறையில் அந்த நான்கு தடங்களைப் பார்த்து, இது என்ன என்றார் அந்தப் பெண். கட்டில் இருந்த இடம் என்றேன். கணவர் பையிலிருந்து நாடாவை எடுத்து, ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு அளந்தார். அந்தப் பெண் தடங்களுக்கு நடுவில் போய் நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி, "தலைமாடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அம்மா ஜன்னல் பக்கம் வைத்துத்தான் படுப்பார் என்றேன். நாளை மறுபடி வருகிறார்கள். விலை இன்னும் பேசவில்லை.

கணக்குப்பிள்ளை:
நான்கு தடம். வாடகை பூஜ்யம்.

மூங்கில்நிழல்:
கட்டில் இருந்ததால்தானே தடம்?