ஓய்வுக்குப் பிறகு நாள் பிடிபடவில்லை. அலாரம் வைத்தும் பயனில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். சமீபத்தில் பணி ஓய்வு பெற்றேன். வேலைக்குப் போனவரை மணி பார்க்காமலே எல்லாம் நடந்தது. இப்போது எழுவது, நடைப்பயிற்சி, ரத்த அழுத்த மாத்திரை, வாசிப்பு, தூக்கம் எதற்கும் ஒரு நேரமில்லை. ஆண்ட்ராய்டு போனில் சிலவற்றுக்கு அலாரமும், மற்றவற்றுக்கு ஒரு நினைவூட்டல் ஆப்பும் வைத்தேன். ஆப்பில் வைத்தது தாமதமாக வருகிறது, சில நாள் வருவதே இல்லை. அலாரம் சரியாக அடிக்கிறது. ஆனால் எதற்கு என்று பார்ப்பதற்குள் கை அணைத்துவிடுகிறது. மாத்திரை விட்டுப்போவதுதான் பெரிய கவலை.

பதில் 1:
ஐயா, ஆப் தாமதமாவதற்குப் பெரும்பாலும் பேட்டரி சேமிப்புதான் காரணம். ஆண்ட்ராய்டு 6-லிருந்தே, போன் சும்மா கிடந்தால் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும். செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி பகுதியில் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் அலாரம், நினைவூட்டலுக்கென்று தனி அனுமதி உண்டு. 14-ல் புதிதாகப் போடும் பல ஆப்களுக்கு அது தானாகக் கிடைக்காது, அதையும் பாருங்கள். 'தொந்தரவு செய்யாதே' போட்டால் நினைவூட்டல் ஒலிக்காது, கடிகார அலாரம் வழக்கமாக ஒலிக்கும். அதனால் மாத்திரையை மட்டும் கடிகார அலாரத்துக்கு மாற்றி, வேறெதற்கும் இல்லாத ஒரு ரிங்டோன் வையுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அலாரம் அதிகமானால் காது பழகிவிடும். எழுவது, மாத்திரை, படுக்கை, இந்த மூன்று போதும். மற்றதை ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு கோத்துவிடுங்கள்: பல் துலக்கியதும் செருப்பு, குளித்ததும் புத்தகம். மாத்திரையைக் கையில் எடுத்த பிறகே அலாரத்தை அணையுங்கள். வேறு வேலையாக இருந்தால் ஸ்னூஸ் போடுங்கள். அவசரமும் வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு செய்து 2010-ல் அச்சான ஆய்வில், ஒரு பழக்கம் தன்னால் வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவே ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த அனுமதி அணைந்துதான் இருந்தது, இப்போது நேரத்துக்கு வருகிறது. இன்னொன்று: அலாரத்தை அணைத்த பிறகு, மாத்திரை போட்டேனா இல்லையா என்றே சந்தேகம் வருகிறது.

பதில் 2:
கிழமை போட்ட அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். அன்றைய அறை காலியென்றால் போட்டாயிற்று. சந்தேகத்தில் இன்னொன்று போடவே வேண்டாம்; விட்டுப்போனால் என்ன செய்வதென்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு, பெட்டி மூடியில் ஒட்டிவையுங்கள்.