புதுப்பிப்பு: ஹார்டுவேர் வாலட்டின் 24 சொற்கள்

ஹார்டுவேர் வாலட் என்பது பிட்காயின் போன்ற கிரிப்டோ பணத்தின் ரகசியச் சாவியை வைத்திருக்கும் சிறு கருவி. அது தொலைந்தாலோ பழுதானாலோ பணத்தைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்கள் 24-ஐயும் காகிதத்தில் மட்டும் எழுதி வைத்தால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது என்று முடிவு செய்து, கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் லெட்டர் பன்ச் செட்டும் (உலோகத்தில் எழுத்தை அடித்துப் பதிக்கும் அச்சுகள்) ஒரு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடும் வாங்கி வந்தேன். "குடு கண்ணு, நானே அடிச்சுத் தர்றேன்" என்றார். "வேண்டாங்க மாமா, இதை வேற யாரும் பார்க்கக் கூடாதுங்க" என்று சொல்லி வீட்டிலேயே அடித்தேன். முழுச் சொல்லும் தேவையில்லை. இந்த மீட்புச் சொற்கள் எடுக்கப்படும் ஆங்கிலப் பட்டியலின் (BIP39) 2048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. வரிசை எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், வாலட்டுக்குச் சிறு தொகையை அனுப்பி, கருவியை முழுதாக அழித்து, தகட்டைப் பார்த்தே மீட்டேன். பணம் அனுப்பிய அதே வாலட் முகவரி வந்தது. மீதியை அதற்குப் பிறகுதான் மாற்றினேன்.

பெட்டியிலேயே சொற்கள் அச்சடித்து வந்தால், அவை வேறு யாருக்கோ முன்பே தெரியும் என்று அர்த்தம்; அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம்.