டவர் எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்க்கணுமா, கூடாதா? (நாலாவது விதி பஞ்சாயத்து)

ஸ்டே_வயர்:
நேற்று பழைய வால்வு ஐயா ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஆன்டெனா டவர் பற்றி "ஹாம் டவர் எர்த்திங்: ஆறு விதிகள்" என்று ஒன்று போட்டிருக்கிறார். ஐந்து விதிகளோடு எனக்குச் சண்டை இல்லை. நாலாவது மட்டும்: "டவர் குழியை வீட்டு எர்த்தோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் இடி வீட்டுக்குள் வரும்." இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் ரிக்கை, அதாவது ரேடியோ செட்டைப் பொசுக்கப் போகிறார்களோ.

ஐயா, ரெண்டும் ஏற்கெனவே சேர்ந்துதான் கிடக்கிறது. டவரிலிருந்து இறங்கும் ஆர்ஜி-213 கோஆக்ஸ் கேபிளின் ஷீல்டு (வெளிப் பின்னல்) ரிக் சேசிஸில் (உலோகக் கூட்டில்) முடிகிறது. சேசிஸிலிருந்து பவர் சப்ளை, அங்கிருந்து மூணு பின் பிளக்கின் எர்த் பின். நடுவில் பாலமாக நிற்பது உங்கள் ரிக். இடியில் 20 கிலோஆம்பியர் இறங்குகிறது, குழி 10 ஓம் என்று வையுங்கள். டவர் அடி 2 லட்சம் வோல்ட்டுக்கு எகிறும், வீட்டு எர்த் பேசாமல் பூஜ்யத்தில் இருக்கும். அந்த 2 லட்சத்தையும் யார் தாங்குவது? தடித்த பட்டை போட்டு நீங்களே சேருங்கள். இல்லாவிட்டால் ரிக் சேர்த்து வைக்கும்.

பழைய வால்வு:
தம்பி, ஐந்தாவது விதியையும் படித்திருக்கலாம்: "மழை இருட்டும்போதே கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடவும்." கழற்றிய பிறகு ஏது பாலம்?

தாங்கள் சொல்வது அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்இசி-யின் 810ஆம் பிரிவு. டவர் எர்த்தையும் வீட்டு எர்த்தையும் 6 ஏடபிள்யூஜி (அமெரிக்கக் கம்பி அளவு) செம்புக்குக் குறையாமல் இணைக்கச் சொல்கிறார்கள். அங்கே மெயின் போர்டிலேயே நியூட்ரலும் எர்த்தும் ஒன்று. நம் ஊரில் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் ஆகிறது, வீட்டுக்கு வீடு தனிக் குழி. இங்கே சேர்த்தால் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், ஹீட்டர் எல்லாவற்றின் உடம்பும் 2 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். ஆனால் ஃபேஸும் நியூட்ரலும் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் மட்டத்தில் நிற்கும். இன்சுலேஷன் எங்கே உடையும்? மோட்டார் வைண்டிங்கில். ஆகவே மறுபடியும்: சேர்க்காதீர்கள்.

கரிசல்காட்டான்:
ரெண்டு பேரும் 10 ஓம் 10 ஓம்னு சொல்றீங்களே, எந்த மண்ணுல? கரிசல்ல மழைக்காலத்துல அருமையா காட்டும். சித்திரையில மண்ணு வெடிச்சு ராடுக்கும் மண்ணுக்கும் நடுவுல விரல் நுழையும். அப்ப எர்த் மெகரை (எர்த் ஓம் அளக்குற கருவி) வச்சுப் பாருங்க. சேர்க்கிறதும் பிரிக்கிறதும் அப்புறம்.

நிலத்தொடுப்பு:
நண்பர்களே, முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். மின் பாதுகாப்பு எர்த், இடிக்கான எர்த், ஆர்எஃப் (ரேடியோ அலை) கிரவுண்ட் மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. எதைப் பற்றிப் பேசுகிறோம்?

ஸ்டே_வயர்:
நிலத்தொடுப்பு சார், இடி விழும்போது "நீங்கள் எந்த வகை எர்த்?" என்று கேட்டுவிட்டா இறங்குகிறது?

வால்வு ஐயாவுக்கு: ஃபேஸ், நியூட்ரல் பிரச்சினைக்கு மருந்து மெயின் பாக்ஸில் எஸ்பிடி, அதாவது திடீர் மின்எழுச்சியைத் தடுக்கும் கருவி. டைப் 1+2 (இடி மின்னோட்டத்துக்கும் சாதாரண எழுச்சிக்கும் சேர்த்த வகை). நம் ஊர் டிடி அமைப்புக்கு (டிரான்ஸ்ஃபார்மருக்கு ஓர் எர்த், வீட்டுக்குத் தனி எர்த்) 1+1 என்று கேட்டு வாங்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வேரிஸ்டர் (வோல்ட்டேஜ் எகிறினால் கடத்தும் பாகம்), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கேஸ் ட்யூப் (எகிறினால் உள்ளே பொறி தாவும் வாயுக் குழல்). ஆர்சிசிபி-க்கு (கசிவு கண்டு கரண்டை வெட்டும் சுவிட்ச்) முன்னால் போடணும், இணைப்புக் கம்பி மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்கணும். உடம்பு ஏறினால் ஃபேஸும் கூடவே ஏறும். எஸ்பிடி இல்லாத வீட்டை வைத்து "சேர்க்காதே" என்பது, பிரேக் இல்லாத வண்டியை வைத்து ரோடே கூடாது என்பது போல.

கோஆக்ஸைக் கழற்றுகிறீர்கள், சரி. ரோட்டேட்டரின் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) எட்டு கோர் கேபிளைக் கழற்றுவது யார்? ராத்திரி 2 மணிக்கு வரும் இடிக்கு யார் எழுந்து உட்கார்ந்திருப்பது? சர்வதேச இடிப் பாதுகாப்புத் தரமான ஐஇசி 62305-ஐ நம் இந்தியத் தரமான ஐஎஸ் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. இடிப் பாதுகாப்புக்கு ஒரே ஒருங்கிணைந்த எர்த் நல்லது, முடிந்தால் 10 ஓமுக்குள் என்கிறது. அமெரிக்கா அமெரிக்கா என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழைய வால்வு:
எண் சொன்னால் எனக்கும் எண் தெரியும். கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. டவர் வீட்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருக்கிறது. மின்னோட்டம் ஒரு மைக்ரோ செகண்டில் 20 கிலோஆம்பியர் ஏறினால் அந்த 12 மீட்டரில் மட்டும் 2 லட்சத்து 40 ஆயிரம் வோல்ட். சேர்த்தும் அதே வித்தியாசம்! தாங்கள் போடும் பட்டை, பட்டை நாமம்தான்.

மூணு_பின்:
ஐயா நெத்தியடி 😂

இடையில் ஒரு கேள்வி. 400 வாட் அனுப்பும் ரிக்குக்கு கோஆக்ஸ் அரெஸ்டரில் (கேபிளில் வரும் இடியை எர்த்துக்குத் தள்ளும் பெட்டி) எத்தனை வோல்ட் கேஸ் ட்யூப்? 50 ஓம் கேபிளில் உச்சம் 200 வோல்ட்தானே, 230 போதும்தானே?

கரிசல்காட்டான்:
போதாது தம்பி. அந்த ட்யூப்பு 20 சதவீதம் முன்னபின்ன இருக்கும். 230-ல 46 போனா 184, கீ அமுக்கி அனுப்பினதும் ட்யூப்பு அடிச்சிரும். 350 போடுங்க. ட்யூனரை (ஆன்டெனாவை ரிக்கோட ஒத்துப்போக வைக்கிற பெட்டி) நம்பி எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருந்தாத அளவு) 3-ல ஓட்டுற ஆளுன்னா உச்சம் 346 வரும், அதுக்கு 600.

ஸ்டே_வயர்:
"நெத்தியடி"யாம். 20 கிலோஆம்பியரும் இணைப்புப் பட்டையில்தான் ஓடும் என்று யார் சொன்னது? 60 அடி டவருக்கு மூணு கால், காலுக்கு ஒரு 16 மி.மீ. செம்பு பூசிய ராடு, 2.4 மீட்டர் நீளம். ராடுக்கு ராடு 5 மீட்டர் இடைவெளி, அதாவது நீளத்தைப் போல ரெண்டு மடங்கு. பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் ஒன்றின் மண்ணையே இன்னொன்றும் பங்கு போடும், காசுதான் தண்டம். அஸ்திவாரக் கம்பியையும் சேர்க்கணும். பெரும்பங்கு அங்கேயே இறங்கிவிடும். மிச்சம் பட்டை வழியே வரும்போதும், பட்டை ரெண்டடி ஆழத்தில் உறையில்லாமல் மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் வழியெல்லாம் கசிந்துகொண்டே வரும்.

அப்படியும் வித்தியாசம் மிஞ்சும். அதற்குத்தான் சுவரில் நுழையும் இடத்தில் ஒரே செம்புத் தகடு. கோஆக்ஸ் அரெஸ்டர், ரோட்டேட்டரின் எட்டு கோருக்கும் வேரிஸ்டர், ரிக் அறைக்கு வரும் கரண்டின் எஸ்பிடி, எல்லாம் அந்தத் தகட்டில். ரிக், பவர் சப்ளை எல்லாம் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். கரண்டுக் கம்பியில் காக்கா உட்காரவில்லையா? நாலாவது விதிப்படி செய்தால் காக்கா ஒரு காலை வேறு கம்பியில் வைக்கிறது.

பழைய வால்வு:
காக்கா உதாரணம் பேலன் (ஆன்டெனாவையும் கேபிளையும் பொருத்தும் மின்மாற்றி) திரியிலும் வந்தது. அங்கேயும் பொருந்தவில்லை.

ஸ்டே_வயர்:
பேலன் திரியில் 1:1-ஐயும் 4:1-ஐயும் குழப்பியது யாரென்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

கரிசல்காட்டான்:
ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) கால்ல நேரா செம்புப் பட்டையை முறுக்காதீங்க, அதை ஒருத்தரும் சொல்லல. மழை பட்டா துத்தநாகம் தின்னுபோகும், கால் துருப்பிடிக்கும். நடுவுல எஸ்எஸ் (எவர்சில்வர்) தகடு வைங்க. செம்புல பட்ட தண்ணி கீழ ஜிஐ மேல வடிஞ்சாலும் அதே கதைதான். பேசாம தரைக்கு மேல முழுக்க 25க்கு 6 மி.மீ. ஜிஐ பட்டை போட்டுட்டா தொல்லையில்ல.

மூணு_பின்:
8 கேஜ் ஜிஐ கம்பி போதாதா? எலக்ட்ரீஷியன் எல்லாரும் அதைத்தான் போடுறாங்க. குழியில கரியும் உப்பும் போட்டா முடிஞ்சது.

ஸ்டே_வயர்:
8 கேஜ் என்பது 4 மி.மீ. உருண்டைக் கம்பி. வாஷிங் மெஷினுக்குப் போதும். வேகமான மின்னோட்டம் மேற்பரப்பில் ஓடும், அதனால்தான் பட்டை. வளைவு 20 செ.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது. சதுர மூலையில் மடக்கினால் மூலையில் தாவும். கோஆக்ஸையும் டவரின் பாதியில் பிரித்து மொட்டை மாடிக்கு இழுக்காதீர்கள், பாதி டவரின் வோல்ட்டேஜ் கூடவே வரும். உச்சியிலும் அடியிலும் ஷீல்டை டவரோடு கட்டி, தரைக்கு இறக்கித்தான் திருப்பணும்.

உப்பு ரெண்டு மழையில் கரைந்து போகும், போகிற போக்கில் பைப்பையும் அரிக்கும். பென்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) போடுங்கள்.

பழைய வால்வு:
கரியும் உப்பும் போட்ட குழிகள் இந்த நாட்டை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கின்றன. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சோம்பல்படுபவர்களுக்குத்தான் பென்டோனைட்.

கரிசல்காட்டான்:
ஐயா, எங்க ஊர்ல சித்திரையில குடிக்கவே குடத்துக்குத் தவம் கிடக்கணும்.

நிலத்தொடுப்பு:
டவர் குழியின் ஓம் அளக்கும்போது வீட்டு இணைப்பைக் கழற்றிவிட்டு அளக்கிறீர்களா? சேர்த்தே அளந்தால் வரும் எண் டவருடையது அல்ல. அளப்பதற்குத் தள்ளி அடிக்கும் மின்னோட்ட முளையின் தூரத்தில் 62 சதவீதத்தில், வோல்ட்டேஜ் பார்க்கும் நடு முளை இருக்க வேண்டும். இதையும் வரையறுக்காமல் 10 ஓம் என்றால்...

பழைய வால்வு:
பார்த்தீர்களா, அளக்கக்கூடப் பிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஸ்டே_வயர்:
அளப்பதற்குக் கழற்றி, அளந்ததும் மாட்டுவது. வாழ்நாள் முழுக்கக் கழற்றி வைப்பதற்குச் சாக்கில்லை. நாலாவது விதி இன்னும் அப்படியே நிற்கிறது ஐயா, திருத்துவீர்களா இல்லையா?

பழைய வால்வு:
நாலாவது விதி நிற்கும். ஏழாவது விதி எழுதிக்கொண்டிருக்கிறேன், எஸ்பிடி விற்பவர்களைப் பற்றி.

ஸ்டே_வயர்:
போடுங்கள். அதிலும் கோஆக்ஸை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்வீர்கள்தானே? காற்று செ.மீ.க்கு 30 கிலோவோல்ட் தாங்கும், கூர்முனையில் அதுவும் தாங்காது. ஜன்னல் கம்பி எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்று விதியிலேயே குறித்துவிடுங்கள்.

மூணு_பின்:
அப்ப அரெஸ்டர் ட்யூப் 350-ஆ 600-ஆ? கடைக்காரர் 90 தான் இருக்குங்கிறார்.